மோட்டார் போச்சாம், மாத்தணுமாம்!

"மோட்டார் போயிடுச்சு, மாத்திடலாம்."

ரிப்பேர் கடை இருக்கிற ஊரில் எல்லாம் இந்த வாக்கியமும் இருக்கிறது. மிக்ஸி சுற்றவில்லை என்றால் மோட்டார் போயிடுச்சு. மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றாலும் மோட்டார் போயிடுச்சு. கெப்பாசிட்டரைப் பார்த்தீர்களா, ஸ்விட்சில் கரண்ட் வருகிறதா என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தது. "அப்ப நீங்களே பாத்துக்குங்க சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இதே வாக்கியம் அமெரிக்கப் படகுத் துறைகளில் அமோகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன, அங்கே அதன் விலை மிக்ஸி விலை இல்லை. படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்ட் எஞ்சினைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் ட்ரிம் யூனிட்டை முழுதாக மாற்றினால் ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். இதில் கொடுமை என்னவென்றால், இவ்வளவும் கொட்டிய பிறகு மறுபடியும் எஞ்சின் தூக்காமல் நிற்பதும் உண்டு. ஏனென்றால் கோளாறு அங்கே இருக்கவே இல்லை.

ஃப்ளோரிடாவில் ஏதாவது ஒரு படகுத் துறை. கோடைக்காலம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அந்த ஊர்க் கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வருவது சர்வ சாதாரணம், வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு படகுக்காரர் தண்ணீருக்குள் இறங்கும் காங்கிரீட் சரிவில் டிரெய்லரை இறக்கிவிட்டார். படகை ஏற்றி இழுப்பதற்கு முன்னால் எஞ்சினைத் தூக்க வேண்டும். தூக்காமல் இழுத்தால் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் துடுப்புப் பகுதியும் ப்ரொப்பெல்லரும் காங்கிரீட்டில் தேய்ந்து நாசமாகிவிடும். த்ராட்டில் கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். ம்ஹூம். பின்னால் பத்து வண்டி வரிசையில் நிற்கிறது. குழந்தைகள் படகுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. வரிசையிலிருந்து நாலு பேர் வருகிறார்கள், நாலு பேரும் ஒரே தீர்ப்பு: ட்ரிம் மோட்டார் போச்சு.

நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. "அழுத்தினப்போ சத்தம் ஏதாவது வந்துச்சா?"

முக்கால்வாசி நோயை இந்த ஒரு கேள்வியே பிரித்துக் காட்டிவிடும். அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்கிறவருக்கு மெக்கானிக் என்று பெயர் வைத்தாலும், அனுபவஸ்தர் என்று பெயர் வைத்தாலும், அவர் செய்வது ஜோசியம்தான்.

கொஞ்சம் பின்னாடி போய் ஆரம்பிக்கலாம். கடற்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அவுட்போர்ட் புதிதில்லை. யாழ்ப்பாணப் பக்கத்து ஃபைபர் படகுகளில் தொங்கும் சின்ன யமஹா எஞ்சின்களைப் பார்த்தவர்களுக்கு, கரை நெருங்கும்போது எஞ்சினைக் கையாலேயே சாய்த்துத் தூக்கிவிடுவது தெரியும். அந்த அளவு எஞ்சினுக்கு அது போதும். அமெரிக்காவில் ஏரிக்கும் கழிமுகத்துக்கும் கூட்டிப்போகும் படகில் 150 குதிரைத் திறன் என்பது ரொம்பச் சாதாரணம். மெர்க்குரி கம்பெனியின் 150 குதிரைத் திறன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் எடை 206 கிலோ. அதைக் கையால் சாய்த்து விளையாட முடியாது. அதனால்தான் ஹைட்ராலிக்.

தூக்குவது மட்டும் இதன் வேலை இல்லை. ஓடும்போது எஞ்சின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது படகின் குணத்தையே மாற்றும். எஞ்சினை உள்பக்கமாகச் சாய்த்தால் படகின் மூக்கு (கடற்கரையில் அணியம் என்பார்கள்) கீழே அமுங்கும். புறப்படும்போது சீக்கிரம் தண்ணீருக்கு மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட அது உதவும். வேகம் பிடித்த பிறகு கொஞ்சம் வெளியே தள்ளினால் மூக்கு எழும்பும், தண்ணீரோடு உரசும் பரப்பு குறையும், பெட்ரோல் மிச்சமாகும். அளவுக்கு மீறி வெளியே தள்ளினால் படகு ஓங்கில் மாதிரி எம்பி எம்பிக் குதிக்கும், ப்ரொப்பெல்லர் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றும். உள்பக்கம் சாய்ந்தபடியே வேகமாகப் போனால் ஸ்டியரிங் திடீரென்று ஒரு பக்கம் பிடுங்கும். ஆக, ட்ரிம் கெட்ட படகு என்பது சும்மா வசதி குறைந்த படகு இல்லை, ஓட்டுகிறவர் கையை மீறக்கூடிய படகு.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? எல்லோரும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் எழுதிவிட்டு, அன்றைக்கே மறந்துபோன அதே பாஸ்கல் விதிதான். அடைபட்ட திரவத்தில் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். படகின் பின்பலகையில் எஞ்சினைப் பிடித்திருக்கும் இரண்டு பிராக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன டிசி மோட்டார், அது சுற்றும் ஒரு கியர் பம்ப், ஒரு எண்ணெய்த் தொட்டி, கொஞ்சம் வால்வுகள், சிலிண்டர்கள். பெரிய எஞ்சின்களில் பெரும்பாலும் மூன்று சிலிண்டர்கள். குட்டையான இரண்டு ட்ரிம் சிலிண்டர்கள் முதல் 20 டிகிரி வாக்கில் முட்டுக் கொடுத்துத் தள்ளும். அதற்கு மேல் தூக்குவது நீளமான டில்ட் சிலிண்டர் மட்டும். மோட்டாருக்குப் போகும் பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றிக் கொடுத்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும், பம்ப் எண்ணெயை எதிர்ப்பக்கம் தள்ளும், எஞ்சின் இறங்கும். அவ்வளவுதான் விஷயம்.

இதில் பாராட்ட வேண்டிய வேலைப்பாடு ஒன்றும் உண்டு. வேகமாகப் போகும்போது தண்ணீருக்கடியில் ஒரு மரக்கட்டையில் எஞ்சின் மோதினால் என்ன ஆகும்? எண்ணெய் அமுங்காத பொருள். சிலிண்டர் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் பின்பலகையே பிய்ந்துவிடும். அதனால் டில்ட் சிலிண்டரின் பிஸ்டனுக்குள்ளேயே குட்டிக் குண்டுகளையும் ஸ்பிரிங்கையும் வைத்து வால்வு பண்ணியிருக்கிறார்கள். மோதின வேகத்தில் அது திறந்து எண்ணெயை அந்தப் பக்கம் விடும், எஞ்சின் எகிறித் தாண்டும். பிஸ்டனுக்குக் கீழே தனியாக இன்னொரு பிஸ்டன் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். எஞ்சின் திரும்ப இறங்கும்போது அதில் வந்து உட்கார்ந்து பழைய கோணத்துக்கே வந்துவிடும். இதற்கு மெமரி பிஸ்டன் என்று பெயர். இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு சாமானைத்தான் நாலு பேர் ஒரு நிமிஷத்தில் "போச்சு" என்கிறார்கள்.

இப்போது அந்தச் சத்தக் கேள்விக்கு வரலாம்.

பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை, ஒரு 'க்ளிக்' கூட இல்லை. அப்படியென்றால் ஹைட்ராலிக் பக்கம் தலை வைத்தே படுக்க வேண்டாம். பேட்டரி, ஃபியூஸ், கனெக்டர், ஸ்விட்ச், இவைதான் சந்தேகப் பட்டியல். இதில் ஒரு அருமையான குறுக்கு வழி இருக்கிறது. நிறைய எஞ்சின்களில் கைப்பிடியில் இருப்பது போலவே எஞ்சின் மூடியின் பக்கவாட்டிலும் ஒரு ட்ரிம் பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பார்த்தால் போதும். அது வேலை செய்து கைப்பிடிப் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் மோட்டார், பம்ப், ரிலே எல்லாமே நிரபராதிகள். கைப்பிடி முன்னும் பின்னும் ஆயிரம் தடவை ஆடியதில் உள்ளே ஒயர் ஒடிந்திருக்கும். ஒயரை ஒட்டவைக்கும் செலவு எவ்வளவு, யூனிட் விலை எவ்வளவு!

அடுத்தது, 'க்ளிக்' வருகிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. இங்கேதான் பெரும்பாலான ஜோசியர்கள் குப்புற விழுகிறார்கள். க்ளிக் சத்தம் ரிலேயின் சத்தம். ரிலே இழுக்கிறது, ஆகவே ரிலே நன்றாக இருக்கிறது, ஆகவே மோட்டார் போச்சு. கேட்பதற்கு நல்ல தர்க்கம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அடிமட்டத்தில் தப்பு. ரிலேயின் காயில் இழுப்பது வேறு, அதன் காண்டாக்ட் முனைகள் கரண்டைக் கடத்துவது வேறு. முனை கருகியிருந்தாலும் க்ளிக் வரும்.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இரண்டே ஒயர் போகும் மோட்டார்களில் (நீலம் மேலே போக, பச்சை கீழே வர) பொத்தானைத் தொடாமல் இருக்கும்போது இரண்டு ஒயரும் ரிலேக்கள் வழியாக பேட்டரியின் மைனஸில்தான் இருக்கின்றன. மேல் பொத்தானை அழுத்தினால் 'மேல்' ரிலே நீல ஒயரை மைனஸிலிருந்து பிரித்து பிளஸ்ஸில் சேர்க்கும். பச்சை ஒயர் இருந்த இடத்திலேயே, 'கீழ்' ரிலேயின் வழியாக மைனஸில் இருக்கும். கரண்ட் நீலத்தில் போய், மோட்டாரைச் சுற்றி, பச்சையில் திரும்பி வரும். இதன் அர்த்தம் என்ன? எஞ்சின் மேலே போகவில்லை என்றால் குற்றவாளி 'கீழ்' ரிலேயாகவும் இருக்கலாம்! இது தெரியாத புண்ணியவான் என்ன செய்வார்? 'மேல்' ரிலேயை மாற்றுவார். சரியாகவில்லை. "ரிலேயையும் மாத்திப் பாத்தாச்சு, அப்ப மோட்டார்தான்" என்று பில் போடுவார். ஒரு சர்க்யூட் என்பது போய்த் திரும்ப வரவேண்டிய வட்டம் என்கிற பத்தாம் வகுப்புப் பாடத்தை மறந்ததற்கு வாடிக்கையாளர் ஃபீஸ் கட்டுகிறார்.

இவ்வளவு யோசிக்கக்கூட வேண்டாம். மோட்டார் ஒரு திசையில் நன்றாகச் சுற்றினாலே அதன் பிரஷ், சுருள் எல்லாம் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். எந்தத் திசையிலும் சுற்றவில்லை என்றால், மோட்டாரின் இரண்டு ஒயரையும் பிரித்து, தடித்த ஒயர் கொண்டு நேரடியாக பேட்டரியிலிருந்து கொடுத்துப் பார்க்கலாம். (தீப்பொறி பறக்கும். பெட்ரோல் நெடி அடிக்கிற இடத்தில் இந்த வீரம் வேண்டாம்.) சுற்றினால் மோட்டார் நல்லது. சுற்றவில்லை என்றால் அப்போது சொல்லலாம், மோட்டார் போச்சு என்று. அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான், இதற்கு முன்னால் எங்கேயும் இல்லை.

மல்டிமீட்டர் கையில் வைத்திருக்கும் அரைகுறைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மீட்டரை மோட்டார் கனெக்டரைக் கழற்றிவிட்டு வைப்பார்கள். 12.6 வோல்ட் காட்டும். "பாத்தீங்களா, கரண்ட் ஃபுல்லா வருது, மோட்டார்தான் போச்சு." இல்லை அய்யா! மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லாத கரண்ட். உப்புக் காற்றில் பச்சை பூத்து, நூறு இழையில் நாலு இழை மட்டும் மிச்சம் இருக்கிற ஒயரில்கூட மீட்டர் 12.6 காட்டும். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடந்து போனதைப் பார்த்துவிட்டு, அதே பாதையில் தேரும் போகும் என்று சொன்னால் எப்படி? ட்ரிம் மோட்டார் தேர் மாதிரி, பத்து பத்து ஆம்பியராக இழுக்கக்கூடியது. அளக்க வேண்டிய முறை வேறு. எல்லாவற்றையும் மாட்டிவைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே, பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் மோட்டாரின் பிளஸ் முனைக்கும் இடையில் மீட்டரை வைக்கணும். அரை வோல்ட் பக்கத்தில் காட்டினால் சரி. மூன்று, நான்கு வோல்ட் காட்டினால் வழியில் எங்கேயோ அந்த வோல்ட்டை ஒரு துரு தின்றுகொண்டிருக்கிறது. மைனஸ் பக்கமும் இதையே செய்யணும், அந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை. இரண்டு நிமிஷ வேலை.

மூன்றாவது வகை, மோட்டார் ஜம்மென்று சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் அசையமாட்டேன் என்கிறது. இதற்கும் "மோட்டார் வீக்" என்று சொல்கிற மகான்கள் இருக்கிறார்கள் :-) சுற்றுகிற மோட்டாரை மாற்றி என்ன ஆகப்போகிறது? இங்கே முதலில் பார்க்க வேண்டியது பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு ஓட்டைக்குள் தெரியும் கீறல் போட்ட ஒரு திருகு. கரண்ட் இல்லாத நேரத்தில் எஞ்சினைக் கையால் தூக்குவதற்காக வைத்த மேனுவல் ரிலீஸ் வால்வு அது. யாரோ எப்போதோ திறந்துவிட்டு, சரியாக மூடாமல் விட்டிருந்தால் பம்ப் தள்ளுகிற எண்ணெய் எல்லாம் சுற்றி வந்து தொட்டிக்கே திரும்பிவிடும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், வலப்பக்கமாக ஒரு முறுக்கு. வைத்தியம் முடிந்தது.

அது இறுக்கமாக இருந்தால் அடுத்தது எண்ணெய் அளவு. இதையும் தப்பாகப் பார்ப்பவர்களே அதிகம். எஞ்சின் முழுதாக மேலே தூக்கி, பூட்டு போட்ட நிலையில்தான் பார்க்கணும். மேலே இருக்கும்போதுதான் தொட்டியின் எண்ணெய் சிலிண்டர்களுக்குள் போயிருக்கும், மிச்சம் இருக்க வேண்டிய அளவு அப்போதுதான் தெரியும். எஞ்சின் கீழே இருக்கும்போது மூடியைத் திறந்தால் எண்ணெய் பொங்கி முகத்தில் அடிக்கும், "ஃபுல்லா இருக்கு" என்று ஒரு தப்பான முடிவும் கிடைக்கும். ஊற்ற வேண்டியது கம்பெனி சொல்லும் ட்ரிம் எண்ணெய். அது கிடைக்காவிட்டால் காரின் ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் எண்ணெயை யமஹாவும் மெர்க்குரியும் ஏற்றுக்கொள்கின்றன. ஹைட்ராலிக்தானே என்று பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எல்லாம் ஊதி, கொழகொழவென்று ஆகி, சின்னக் கோளாறாக இருந்தது நிஜமாகவே பெரிய கோளாறாகும். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வடித்துவிட்டு, புதிதாக ஊற்றி, நாலைந்து தடவை மேலும் கீழும் ஓட்டினால் காற்று வெளியேறிவிடும், பிறகு அளவை மறுபடி பார்க்க வேண்டும். தண்ணீர் எந்த சீல் வழியாக உள்ளே வந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அடுத்த சீசனில் மறுபடி மோர்தான்.

இன்னும் இரண்டு வியாதிகள் இருக்கின்றன. ராத்திரி தூக்கி வைத்த எஞ்சின் காலையில் தானாகவே இறங்கியிருக்கிறது. இதற்கும் மோட்டாருக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. ராத்திரி மோட்டார் ஓடவே இல்லையே! எண்ணெயை அடைத்து வைக்க வேண்டிய ஏதோ ஒன்று கசிகிறது. வெளியே ராம் தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த சீல். நீண்ட நாள் தண்ணீரிலேயே விட்ட படகில் தண்டின் மேல் கொட்டலசு ஒட்டி, அது உள்ளே போகும்போது சீலைக் கிழிப்பது வழக்கம்தான். வெளியே சுத்தமாக இருந்தால் முதல் சந்தேகம் அதே ரிலீஸ் வால்வின் ஓ-ரிங். அதற்கப்புறம்தான் தூசி சிக்கிய செக் வால்வு, பிஸ்டன் சீல் எல்லாம். இரண்டாவது வியாதி, ரிவர்ஸ் போட்டால் எஞ்சின் எகிறுகிறது, அல்லது வேகத்தைச் சட்டென்று குறைத்தால் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. இது எதிர்ப்பக்கம் அடைக்க வேண்டிய வால்வு பிடிக்கவில்லை என்பதன் அடையாளம், அதே ரிலீஸ் வால்வும் காரணமாக இருக்கலாம். துறையில் படகை நிறுத்த ரிவர்ஸ் போடும்போது எஞ்சின் எகிறினால் படகு நிற்காது. முன்னால் நிற்கும் படகோ, நீந்திக்கொண்டிருக்கும் ஆளோ...

ஓ-ரிங்கின் விலை சில டாலர்கள்.

மெக்கானிக்குகள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைத்தால் இது வெறும் வசவாகிவிடும். அங்கே மணிக்கூலி நூறு டாலருக்கு மேல் போகும். ஒரு ட்ரிம் யூனிட்டைக் கழற்றி, வால்வு வால்வாகச் சுத்தம் பண்ணி, சீல் மாற்றிப் பூட்ட மணிக்கணக்கு ஆகும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் எல்லாம் வீண். திரும்ப வந்தால் கெட்ட பேர். புது யூனிட் மாட்டினால் அதற்கு வாரண்டி உண்டு. ஆகவே மாற்றுவதே மலிவு என்கிறார்கள். சில கேஸில் அது உண்மையும்கூட. மோட்டாரின் இரும்பு உறை துருப்பிடித்து ஓட்டையாகி, தண்ணீர் புகுந்து, உள்ளே ஒட்டியிருந்த காந்தமே பெயர்ந்து விழுந்த நிலையில் அதைப் பழுது பார்ப்பது வேண்டாத வேலை. சின்ன எஞ்சின்களில் தூக்க உதவுவதற்காக வாயு அடைத்த சிலிண்டர் வைத்திருப்பார்கள். உயர் அழுத்த நைட்ரஜன். அதைப் பிரிக்க நினைப்பது தற்கொலை முயற்சி.

ஆனால் "பார்த்தேன், கோளாறு பம்ப்புக்குள் இருக்கிறது, திறந்து சரிசெய்வதைவிட மாற்றுவது மலிவு" என்று சொல்வது வேறு. பார்க்காமலே "மாத்திடலாம்" என்பது வேறு. முதலாவது கணக்கு. இரண்டாவது, தன் அறியாமைக்கு அடுத்தவர் பர்ஸிலிருந்து பணம் எடுப்பது. ஒரு டாக்டர் நாடிகூடப் பிடிக்காமல் கிட்னியை மாற்று என்றால் அடிக்கப் போகமாட்டோமா? அத்தோடு, ரிலே கெட்ட எஞ்சினுக்குப் புது யூனிட் மாட்டினால் அதே பொத்தான், அதே க்ளிக், அதே நிலைமை. வாரண்டி எதைக் காப்பாற்றும்?

பழி முழுவதையும் மெக்கானிக் தலையில் போடுவதும் அநியாயம். இந்த யூனிட்டை வடிவமைத்தவர்கள் அதை எங்கே வைத்தார்கள் பாருங்கள். படகிலேயே அதிகமாக உப்புத்தண்ணீர் படும் இடத்தில், எஞ்சின் பிராக்கெட்டுக்கு நடுவே, அடியில். அங்கே பெயிண்ட் அடித்த இரும்பு உறையில் ஒரு மோட்டார். பெயிண்ட் ஒரு இடத்தில் உரிந்தால் போதும், துரு தன் வேலையை ஆரம்பிக்கும். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட். இரண்டு உலோகமும் உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் ஒரு பேட்டரி மாதிரி ஆகி அலுமினியம் அரிக்கும் என்பது வேதியியல் ஆரம்பப் பாடம். அதனால்தான் பலியாடு மாதிரி அரிக்கப்படுவதற்கென்றே துத்தநாகத்தில் ஆனோடு மாட்டுகிறார்கள். அது கரைந்து போனதும் மாற்ற வேண்டும் என்பதை எத்தனை பேர் நினைவில் வைக்கிறார்கள்? நாலு வருஷம் கழித்து போல்ட்டைத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். சிலிண்டர் மூடியைத் திறக்க இரண்டு முள் வைத்த தனி ஸ்பேனர் வேறு வேண்டும். பழுது பார்ப்பதை இவ்வளவு கஷ்டமாக்கி வைத்துவிட்டு, முழு யூனிட்டையும் அழகாக அட்டைப்பெட்டியில் விற்கிறார்கள். இரண்டும் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அட்டைப்பெட்டி எப்போதும் வந்துகொண்டே இருக்கும் என்று யார் சொன்னது? 1909-இல் ஓலே எவின்ரூட் ஆரம்பித்து வைத்த எவின்ரூட் எஞ்சின்களை, பிற்காலத்தில் அதை வாங்கிய பிஆர்பி கம்பெனி 2020 மே மாதத்தில் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய பெயர். பாகங்கள் கொடுப்போம் என்று கம்பெனி சொன்னது சரிதான், ஆனால் வருஷம் ஆக ஆக எந்தப் பாகம் கிடைக்கும், எது கிடைக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? அந்த எஞ்சின்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் தண்ணீரில் இருக்கின்றன. அவற்றை ஓடவைக்கப் போகிறவர் எது கெட்டது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான். ஓ-ரிங்கையும் கார்பன் பிரஷ்ஷையும் அளவு பார்த்து எங்கேயும் வாங்கிவிடலாம். மாற்ற மட்டும் தெரிந்தவர் கையில் அந்த எஞ்சின் 200 கிலோ பழைய இரும்பு.

அந்த 200 கிலோவைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ஜோசிய வைத்தியத்தில் பணம் மட்டும் போவதில்லை. "எண்ணெய் கசியுது போல" என்று தூக்கி வைத்த எஞ்சினுக்கு அடியில் தலையைக் கொடுத்து ரிலீஸ் வால்வைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினை மேலே நிறுத்தி வைத்திருப்பதே அந்த வால்வு அடைத்து வைத்திருக்கும் எண்ணெய்தான். அதைத் திறந்தால் எஞ்சின் வந்து இறங்கும். நடுவில் கை இருந்தால் கை. டில்ட் பூட்டைப் போட்டு, அதற்கும் மேல் மரக்கட்டையோ செயினோ கொண்டு தாங்கல் கொடுத்த பிறகுதான் எந்தத் திருகையும் தொட வேண்டும். அந்தப் பூட்டை நம்பி டிரெய்லரில் ஊர் விட்டு ஊர் இழுத்துப் போகவும் கூடாது. ரோட்டில் குதிக்கிற குதிக்கு அது தாங்காது என்று கம்பெனிக் கையேடுகளிலேயே எச்சரித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே முட்டுக் கொடுக்கத் தனிக் கம்பியே விற்கிறது.

சரி, மழைக்குப் பயந்து காங்கிரீட் சரிவில் நிற்கும் அந்தப் படகுக்காரர்? அந்த நேரத்தில் அவருக்குத் தேவை மோட்டாரும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஒரு அகலமான ஸ்க்ரூ டிரைவர். ரிலீஸ் வால்வை இடப்பக்கமாக மூன்று சுற்றுத் திருப்பி, தீர்ப்புச் சொல்ல வந்த நாலு பேரில் இரண்டு பேரைப் பிடித்து எஞ்சினைத் தூக்கச் சொல்லி, வால்வை மறுபடி மூடி, பூட்டைப் போட்டால் படகு டிரெய்லரில் ஏறிவிடும். க்ளிக் சத்தம் வந்ததா இல்லையா என்பதை வீட்டுக்குப் போய், எஞ்சின் மூடிப் பொத்தானில் கை வைத்து, நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.